தேருக்குப் பின்னால் ஓர் அண்டா பிரியாணி

இரக்கம் என்பது போலியோ சொட்டு மருந்து மாதிரி என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கொண்டுபோகவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் ஆயுசுக்கும் அவன் நல்லவன். இந்தக் காலத்தில் மைக்குப் பதிலாக ஒரு போட்டோ. அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால், சொட்டு உள்ளே போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த ஞானம் எனக்கு ஆபீஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டுக்காரர் தன் மகளின் பிறந்தநாளை ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் கொண்டாடிவிட்டு வந்து, "பொண்ணு அழுதுட்டா சார். வீட்டுக்கு வந்தும் அழுகை நிக்கல. 'நாம எவ்ளோ குடுத்துவச்சவங்கப்பா'ங்கறா" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, ஏதோ பெண் ஐஏஎஸ் பாஸ் பண்ணிவிட்ட மாதிரி. என் பையனுக்குப் பதினோராவது பிறந்தநாள் வர ஒரு மாதம் இருந்தது. அவன் கடைசியாக அழுதது எங்கள் கூடுவாஞ்சேரி ஃபிளாட்டில் வைஃபை போனபோது. எனக்கும் அவசரமாக ஓர் அழுகை தேவைப்பட்டது.

விசாரித்ததில் ஓர் இடம் கிடைத்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை. சிறப்புக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். காலையில் அம்மாக்கள் கொண்டுவந்து விடுவார்கள், வேலை முடிந்து வந்து கூட்டிப்போவார்கள். ரிசார்ட்டில் துணி துவைக்கிறவர்கள், கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையை விட ஓர் இடம் இருந்தால்தான் வேலைக்குப் போக முடியும். வேலைக்குப் போனால்தான் பிள்ளையைக் காப்பாற்ற முடியும். ஒரு டீச்சர் தன் மகனுக்காக ஆரம்பித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து, கொட்டகை நிறைந்துவிட்டது.

நாள் குறித்துவிட்டு வரலாம் என்று பையனையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் மத்தியானம் போனேன். எந்தக் கூட்டத்தையும் இரண்டு நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுவேன் என்பது என்னுடைய இன்னொரு மூடநம்பிக்கை. உள்ளே நுழைந்ததும் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவன் மாதிரி, "ஹாய் ஹாய் ஹாய்! எல்லாரும் எப்டி கீறீங்க?" என்றேன். சன்னல் ஓரம் நீல நிற பிளாஸ்டிக் மக்கை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். எட்டு, ஒன்பது வயது இருக்கும். பேச்சு வராது. என் குரல் விழுந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டாள். நான் சமாதானப்படுத்துகிறேன் என்று இன்னும் கிட்டே போய், இன்னும் சத்தமாக, "ஒண்ணுமில்ல கண்ணு, மாமா பாரு, மாமா!" என்றேன். அவள் பாய்ந்து கடித்தாள். கடி வாங்கியது என் பையனின் முழங்கை.

அழுவான் என்று பார்த்தேன். அழவில்லை. எச்சிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அவ உன் சத்தத்ததான் கடிச்சா. குறுக்கால என் கை இருந்துது" என்றான்.

பிறகு அவன் செய்தது எனக்குப் புரியவேயில்லை. தள்ளிப்போய் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சும்மா. கொஞ்ச நேரம் கழித்து நீல மக் உருண்டு வந்து அவன் முதுகில் இடித்தது. திரும்பிப் பார்க்காமலே கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டான். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினான். அரைமணி நேரம் இதேதான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போட்டோவுக்கு ஒன்றுமே தேறவில்லை.

அன்றைக்குச் சிறுமியின் அம்மா ஷிஃப்ட் முடிந்து சீக்கிரம் வந்திருந்தார். ரிசார்ட்டில் துணி துவைக்கிற வேலை. கையெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. கடித்த கதையைக் கேட்டு, "ஐயோ தம்பி, வலிக்குதா?" என்று பையனின் கையைத் தேய்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஒண்ணும் நென்ச்சிக்காதீங்கண்ணா. இதுக்கு வலிப்பு கீது. ஒரு மணிக்கு மாத்திர போடணும். சோறு துன்னாத்தான் மாத்திர. வெறும் வவுத்துல குட்த்தா அப்பிடியே வாந்தி எட்த்துடுவா. மாத்திர தப்புச்சினா அன்னிக்கே இழுத்துக்கும். ஒரு தபா செங்கல்பட்டு ஆஸ்பத்திரில மூணு நாள் கண்ணே தொறக்கல."

நான் உருகிப்போனேன். உருகியவன் சும்மா இருந்தானா? "கவலைய வுடுங்க. பையன் பொறந்தநாளுக்கு எல்லாருக்கும் பிரியாணி. செங்கல்பட்டுல சொல்லி, அண்டாவோட நானே எடுத்தாறேன்" என்றேன்.

டீச்சர் உடனே, "ரொம்ப சந்தோஷம் சார். அன்னைக்கு டப்பா கட்ட வேணாம்னு அம்மாங்ககிட்ட சொல்லிடறேன்" என்றார். வழக்கமாக ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு வருமாம். சிறுமியின் அம்மா, "பிரியாணியா! குடுங்கண்ணா, குடுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். விடியற்காலையில் எழுந்து சோறு வடிக்கிற ஒரு பெண்ணுக்கு ஒருநாள் விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். காரில் வரும் வழியெல்லாம் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஸ்டியரிங் பிடிக்க ஒரு கைதான் மிச்சம்.

பிறந்தநாள் சித்திரையில் வருகிறது. செங்கல்பட்டுக் கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் பிரியாணி மாஸ்டரின் கொட்டகை வாசலில் காரை நிறுத்தியபோதே வெயில் மண்டையைப் பிளந்தது. காருக்குள் மனைவி, பையன், பலூன்கள், பேக்கரியில் வாங்கிய க்ரீம் கேக். அண்டா மட்டும் இல்லை. அது இன்னும் தம்மில் இருந்தது.

"பதினோரு மணின்னு சொன்னீங்களே மாஸ்டர்?"

"பதினோரு மணிக்கு தம் போடறேன்னு சொன்னேன். தம்மு போட்டா போட்டதுதான் அண்ணாத்த. பக்கத்துல நின்னு நீ மூச்சு வுட்டா வெந்துருமா?"

மனைவி முன்சீட்டில் இருந்தபடியே, "சாம்பார் சாதம் போதும்னு சொன்னேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் பொதுவாகச் சொன்னதெல்லாம் எனக்குத்தான்.

அண்டாவை ஏற்றிக் கிளம்பும்போது பன்னிரண்டு. டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பொறுமையா வாங்க சார். அவசரமே இல்ல. பசங்க எல்லாம் புதுச் சட்ட போட்டுகினு, கை கழுவிகினு, உங்களுக்காகத்தான் வெய்ட் பண்ணிகினு கீறாங்க."

எனக்குப் புல்லரித்தது. "பாரு, எப்டி காத்துகினு கீறாங்க பாரு" என்று கண்ணாடி வழியே பையனைப் பார்த்தேன்.

அவன் பலூன்களுக்கு நடுவிலிருந்து, "ஏன் காத்துகினு கீறாங்க?" என்றான்.

"ஏன்னா நாம வரோம்ல."

"சாப்பாடு நம்மகிட்டதான கீது. அப்ப வேற இன்னா பண்ணுவாங்க?"

ஏசியைக் கூட்டினேன்.

திருக்கழுக்குன்றத்துக்குள் நுழையும்போதே சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணம் என்று நினைத்து, ஹாரனை அழுத்திக்கொண்டே ஊர்ந்தேன். ஒரு திருப்பத்தில் கார் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், மாடி வீடுகளுக்கு மேலே இன்னொரு மாடி வீடு, துணியெல்லாம் கட்டிக்கொண்டு, மெதுவாக அசைந்து போய்க்கொண்டிருந்தது.

தேர்.

"இன்னிக்குத் தேருன்னு நேத்தே சொன்னேன்" என்றாள் மனைவி.

"எப்ப சொன்ன?"

"நீங்க பலூன் ஊதிகினு இருந்தீங்க. தலைய ஆட்டினீங்க."

நான் ஹாரன் அடித்தேன். முன்னால் நின்ற கூட்டம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"ஹாரன் அடிச்சா தேரு ஒதுங்கிக்குமா?"

பின்னால் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு வேன், அதற்குப் பின்னால் இரண்டு பஸ், அதற்கும் பின்னால் செங்கல்பட்டு மாவட்டமே நின்றது. முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. பன்னிரண்டு நாற்பது. டீச்சருக்குப் போன் செய்தேன். மேளமும் அதற்குப் போட்டியாக "ஹரஹரா"வும் காதைக் கிழித்தன. "ஹலோ... சார்... வாங்க சார்... வெய்ட் பண்ணிகினுதான்..." என்று பாதி வந்தது. அந்தப் பெண்ணின் மாத்திரையைப் பற்றி நான் கேட்க வாயெடுத்தபோது லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். ஊரே ஒரே இடத்தில் நின்று தேரைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தால் டவர் என்ன செய்யும்?

ஒரு மணிக்கு மாத்திரை. சோறு தின்றால்தான் மாத்திரை. மாத்திரை தப்பினால் அன்றைக்கே இழுத்துக்கொள்ளும். சோறு என் டிக்கியில்.

இந்த நான்கு வாக்கியங்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றதும், அதுவரை ஜோக்கராக இருந்தவன் காணாமல் போனான். கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியாது. சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டி நின்ற போலீஸ்காரர் கண்ணில் பட்டார்.

"சார், சார், ஒரு குழந்த... மாத்திர... ஒரு மணிக்குள்ள போகலன்னா உயிருக்கே... வண்டிய வுடச் சொல்லுங்க சார்!"

அவர் பதறிவிட்டார். நல்ல மனுஷன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னோடு காருக்கு ஓடிவந்தார். "கொழந்த எங்க? கொழந்த எங்க?" என்று கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். உள்ளே கால்மேல் கால் போட்டுக்கொண்டு என் பையன். அவனைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகப் பலூன்கள். மடியில் கேக். டிக்கியிலிருந்து சிக்கன் பிரியாணியின் வாசனை தேரோடும் வீதி முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாத்த, மருந்து நல்லா மணக்குது. சாமி போவற வரைக்கும் டிக்கிய மட்டும் தொறந்துடாத, இன்னா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் அதற்குள் கயிற்றுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து சீட்டில் விழுந்தேன். அந்த நேரம் பார்த்து, அன்னதானம் செய்கிற இளைஞர்கள் ஒவ்வொரு வண்டியாகக் கண்ணாடியைத் தட்டி, தொன்னையில் புளியோதரை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். மூன்று தொன்னையை உள்ளே திணித்துவிட்டுப் போனார்கள். வேர்க்கடலையும் பெருங்காயமும் சேர்ந்து மணக்க, என் வயிறு பலமாகச் சத்தம் போட்டது. காலையில் பரபரப்பில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் ஒரு வாய் எடுக்கப் போனேன்.

"அவங்க இன்னும் சாப்பிடல இல்ல?" என்றான் பையன்.

அவன் தொன்னையைத் தொடவில்லை. குத்திக் காட்டுகிற குரலும் இல்லை. அவனுக்கும் பசிதான், எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. மனைவி மூன்று தொன்னைகளையும் வாங்கி டேஷ்போர்டு மேல் வரிசையாக வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

படாளத்தில் நான் சிறுவனாக இருந்தபோது கல்யாண வீட்டில் எங்கள் தெருவுக்குக் கடைசிப் பந்தி. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று ஆட்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வருவார்கள். என் அப்பா, "பேசாம குந்து, கூப்புடுவாங்கோ" என்பார். கூப்பிடுகிற ஆள் எப்போதுமே நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்த முகமாகத்தான் வருவார். அன்று நான் போட்டிருந்ததும் வெள்ளைச் சட்டை. பிறந்தநாளுக்கென்று மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தது. ரியர் வியூ கண்ணாடியில் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் அதைத் திருப்பி வைத்தேன்.

ஒரு மணி ஆகிவிட்டது. போனில் "வலிப்பு மாத்திரை தாமதமானால்" என்று தேடினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் இல்லாதது நல்லதாகப் போயிற்று. கிடைத்திருந்தால் எனக்கே வலிப்பு வந்திருக்கும்.

"போனைக் குடு" என்றான் பையன்.

"உனக்கு எதுக்குடா?"

"குடுப்பா."

அவன் அடித்த நேரம், என்ன மாயமோ, லைன் கிடைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளியில் லீவு லெட்டர் படிக்கிற குரலில் பேசினான்.

"ஆன்ட்டி, நாங்க இன்னிக்கு வரல. வர முடியாது. நீங்க யாரும் எங்களுக்காக வெய்ட் பண்ணாதீங்க. எல்லாரும் சாப்பிட்டுடுங்க. அந்த ப்ளூ மக் பொண்ணுக்கு மாத்திர குடுத்துடுங்க."

மறுமுனையில், "நிஜமாவா தம்பி? வரலையா?" என்று டீச்சரின் குரல். "சரிப்பா... சரி சரி. ஹாப்பி பர்த்டே கண்ணு" என்றார். அந்தக் குரலில் ஒரு பெரிய மூச்சு இறங்கியது எனக்கே கேட்டது.

போன் வைத்ததும் நான் வெடித்தேன். "வரலையா? பின்னால ஓர் அண்டா பிரியாணி கீதுடா! அவங்க டப்பா கூட கட்டல. இப்ப இன்னாத்த சாப்பிடுவாங்க?"

"வரோம்னு சொன்னா காத்துகினேதான் இருப்பாங்க. நீ கேட்டா 'பரவால்ல சார், பொறுமையா வாங்க'ன்னுதான் சொல்லுவாங்க. வரலன்னு சொன்னாத்தான் வேற எதுனா பண்ணுவாங்க. அரிசி இருக்கும்ல? பக்கத்துல வூடு இருக்கும்ல?"

"பொய் சொன்னியேடா!"

"நீ மட்டும் போலீஸ்கிட்ட இன்னா சொன்ன?"

மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு அது நல்லதில்லை.

ஆனால் என் மூளை சும்மா இருக்கவில்லை. உலை வைக்க வேண்டும். அரிசி வேக வேண்டும். வடிக்க வேண்டும். சூடு ஆற வேண்டும். அவள் சுலபத்தில் வாய் திறக்கிற பெண்ணா? ஒன்றரை, இல்லை, இரண்டு ஆகிவிடும். அதற்குள் இழுத்துக்கொண்டால்? மூன்று நாள் கண்ணே திறக்கவில்லை என்றாரே அந்த அம்மா. அவரிடம் நான் என்ன சொல்வேன்? "தம் உடைக்க லேட்டாயிடுச்சும்மா" என்றா?

தேர் திருப்பத்தில் அரை மணி நேரம் நின்று, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மறுபடி நகர்ந்து, ஒருவழியாக அடுத்த வீதிக்குள் போனது. போலீஸ்காரர் கயிற்றை இறக்கினார். என் காரைப் பார்த்ததும், "சீக்கிரம் போ அண்ணாத்த, மருந்து ஆறிடப் போவுது" என்று கையசைத்தார்.

ஊரைத் தாண்டியதும் நான் ஓட்டிய ஓட்டத்தில் கேக் ஒருபக்கம் சரிந்து, பையனின் பெயரில் முதல் எழுத்து அட்டைப்பெட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டது. "பைய போங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில், எதிரே மாமல்லபுரம் பக்கமிருந்து சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியை நோக்கி எங்களைக் கடந்து பறந்தது.

நான் பிரேக்கில் நின்றேன்.

"அவதான்" என்றேன்.

"யாரு?"

"அவதான். அந்தப் பொண்ணுதான். டைம் பாரு. சரியா கீது பாரு. திருப்பு, திருப்பு, நாம பின்னாலயே போலாம்."

"நீங்கதான் ஓட்டறீங்க" என்றாள் மனைவி. அவள் முகமும் வெளுத்திருந்தது. "இந்த ரோட்ல ஆம்புலன்ஸ் போனா அது நம்மளாலதான் போவணுமா?"

நான் காரைத் திருப்ப ரிவர்ஸ் போட்டுவிட்டேன். பின்சீட்டிலிருந்து பையன் என் தோளைப் பிடித்தான். "நேரா போப்பா. அவளா இருந்தா டீச்சர் சொல்லுவாங்க. இல்லன்னா அவ அங்கதான் இருப்பா. நேரா போ."

நேராகப் போனேன். சவுக்குத் தோப்பு வந்தபோது மூன்றாகப் போகிறது.

கொட்டகை வாசலில் நான் கற்பனை செய்திருந்த எதுவும் இல்லை. வரிசையாகப் புதுச் சட்டையில் காத்திருக்கும் பிள்ளைகள் இல்லை. அழுகைச் சத்தம் இல்லை. குழாயடியில் ஜட்டியோடு நாலைந்து பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய பையன் பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். புதுச் சட்டைகள் எல்லாம் கொடியில் தொங்கின. டீச்சர் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஈரப் புடவையை உதறிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. வீட்டில் திருடன் புகுந்தால்கூட மனிதர்கள் அப்படி அதிர்ச்சி அடையமாட்டார்கள்.

"சார்... வரலன்னு தம்பி..."

நான் நிற்கவில்லை. உள்ளே ஓடினேன். சன்னல் ஓரம், பாயில், அந்தச் சிறுமி ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அசைவே இல்லை. ஒரு கை பாய்க்கு வெளியே, பக்கத்தில் நீல மக்.

"அம்மாடி!" என்று நான் போட்ட கத்தலில் அவள் கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு காதையும் பொத்தினாள். பிறகு மக்கைத் தூக்கி என் நெற்றியில் அடித்தாள். குறி தப்பவில்லை.

டீச்சர் பின்னாலேயே ஓடிவந்தார். "தூங்கிகினு இருந்தா சார். ஒரு மணிக்கே மாத்திர போட்டாச்சு."

"சோறு?"

டீச்சர் தரையைப் பார்த்தார். என் மனைவி அவரைத் தோளில் தொட்டு, "சொல்லுங்கக்கா, பரவால்ல" என்றாள்.

"தப்பா நினைக்காதீங்க. எல்லாரும் சாப்பிட்டாங்க. பன்னெண்டரைக்கே. வீட்லேர்ந்து டப்பா வந்துடும் சார். யாரு சாப்பாடு எடுத்தாறேன்னு சொன்னாலும் அம்மாங்க டப்பா கட்டிடுவாங்க. நான் வேணாம்னு சொல்றதுதான், அவங்க கட்டறதுதான். பாட்டி காலத்து வழக்கம் மாதிரி ஆயிடுச்சு" என்றவர் தயங்கி, "முன்னாடி ஒருத்தர் வந்தாரு. பசங்க முன்னாலயே சாப்பிட்டுட்டாங்கன்னு தெரிஞ்சதும் கோவம் வந்து, கொண்டாந்த அண்டாவ அப்படியே திருப்பி ஏத்திகினு போயிட்டாரு. அதுலேர்ந்து யார் கேட்டாலும் வெய்ட் பண்றாங்கன்னு சொல்லிடறது. சாப்பிட வச்சுட்டு, வாயத் தொடச்சு, புதுச் சட்ட மாட்டி, வரிசையா உக்கார வச்சுடுவேன். இந்த வெயில்ல அதுதான் கஷ்டம். தம்பி வரலன்னு சொன்னதும் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுக் குழாய்க்கு ஓடிடுச்சுங்க."

என் பையன் அதற்குள் சுவர் ஓரம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டிருந்தான். மக் உருண்டு போய் அவன் முதுகில் இடித்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று டீச்சர் கேட்டபோது நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்டாவைத் திறக்கலாம் என்று நான் சொன்னேன். அது நாலு மணிக்கு வரும் அம்மாக்களுக்கு இருக்கட்டும் என்றாள் மனைவி. டீச்சர் தன் பானையில் மிச்சமிருந்த தயிர்சாதத்தை மூன்று தட்டில் போட்டு, எலுமிச்சை ஊறுகாய் வைத்தார். பிள்ளைகள் ஈரத்தோடு சுற்றி நின்று, நாங்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தார்கள். பக்கெட் பையன் கைதட்டினான். டீச்சர் என் போனை வாங்கி ஒரு படம் எடுத்தார். அன்றைக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். அதில் ஒருவர் அழுகிற மாதிரி இருக்கும். ஊறுகாய் காரம்.

நாலு மணிக்கு அம்மாக்கள் வந்தார்கள். பாயை விரித்து உட்காரவைத்து, நானும் மனைவியும் பரிமாறினோம். சிறுமியின் அம்மா வெளுத்த விரல்களால் கோழித்துண்டைப் பிய்த்து மகள் வாயில் வைத்துக்கொண்டே என் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். தேர், போலீஸ், ஆம்புலன்ஸ் ஒன்று விடாமல். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"அண்ணா, நீங்கோ நல்ல மன்சன்தான். அதுக்குன்னு எம் பொண்ணு மாத்திரய உங்க காரு டயர நம்பி வுட்டுட்டுப் போவனா?" என்றார். "இன்னும் ஒரு கரண்டி போடுங்க. அந்த அடி மசாலாவும் சேத்து."

ஆம்புலன்ஸில் போனது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சிறுமி பன்னிரண்டரைக்குத் தயிர்சோறு சாப்பிட்டு, ஒரு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, அதற்கப்புறம் நாங்கள் தேருக்குப் பின்னால் நின்றிருந்த நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தாள்.